தெரியவில்லை என்று சொன்ன ஜெசிந்தா அக்கா

பெங்களூரிலிருந்து போன் வந்தபோது அச்சகத்தில் ஒரு காதுகுத்து அழைப்பிதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பேசியவர் ஜெசிந்தா அக்காவோடு வேலை பார்த்த முரளி. "மேடம் ஆபீஸ் படிக்கட்டுல விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றார். "யாருக்கு?" என்று கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடியும் "யாருக்கு?" என்றுதான் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் இனி இப்படி ஒரு செய்தி வந்தால் அது என்னைப் பற்றியதாக இருக்கும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அக்காவைப் பற்றி வரும் என்று எவரும் எண்ணவில்லை.

அக்கா என் பெரியப்பா மகள். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கத்தோலிக்க ஊர் எங்களுடையது. பெரியப்பா ஒருநாள் கொடிக்கு மருந்தடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. என் அப்பா பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே சரிந்தார். தொண்ணூற்றெட்டில் அக்காவின் அண்ணன் அருள், வாலிபால் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். தலைவலி என்றுகூடப் படுக்காத மனிதர். பூச்சிமருந்து என்றார்கள், சாபம் என்றார்கள். அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அக்கா, அடக்கம் முடிந்து வீடு திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "மூணு பேரும் ஒரே மாதிரி போயிருக்காகடா. ஒடம்புக்குள்ள ஏதோ எழுதியிருக்கு. நமக்குத்தான் படிக்கத் தெரியல."

படித்து முடித்ததும் பெங்களூரில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தார். டி.என்.ஏ.வை லட்சக்கணக்கான துண்டுகளாக்கி, அத்தனையையும் ஒரே நேரத்தில் வாசிக்கும் இயந்திரம் ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் இது பிடிபடவில்லை. பங்குச்சாமியார் அவரைக் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று அறிமுகப்படுத்துவார். கெட்டுப்போன செல்போனை நீட்டியவர்களும் உண்டு. அக்கா அதையும் வாங்கிப் பார்த்து, "இதுவும் எனக்குத் தெரியாது" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுப்பார்.

இயந்திரம் ஓரளவு வேலை செய்யத் தொடங்கியபோது, கம்பெனியில் முறைப்படி அனுமதி பெற்று ஊருக்கு வந்தார். எங்கள் ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அருள் அண்ணனின் மகள் பிரின்சிக்கு அப்போது தேவதானப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெண் வீட்டில் இளவயதுச் சாவுகள் உண்டு என்பது அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

முடிவைச் சொல்லக் கோவில் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டினார் அக்கா. மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். எங்களில் சிலருடைய டி.என்.ஏ.வில் ஒரே இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இயந்திரத்துக்கு முந்தைய பழைய முறையிலும் சோதித்துப் பார்த்தாயிற்று, மாற்றம் உண்மைதான், ஆனால் அதனால்தான் சாவு நேர்ந்ததா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "எங்களுக்கு இந்த வெவரமெல்லாம் வேணாம். கட்டலாமா, கூடாதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொன்னா பொய்யாயிரும்."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அருள் அண்ணனின் மனைவி லூர்து அண்ணி அக்காவின் முன்னால் வந்து நின்றார். "ஏத்தா, ஆசையக் காட்டித்தானே எம் புள்ளகிட்ட ரத்தத்த எடுத்த? தெரியலன்னு சொல்றதுக்கா இம்புட்டுப் படிச்ச? எம் புள்ள வாழ்க்கைக்கு இப்ப யாரு பதில் சொல்லுவா?" அக்கா தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் என்னைத் தனியே அழைத்து, "ஒனக்கும் அந்த மாத்தம் இருக்கு. பிரின்சிக்கும் இருக்கு. எனக்கு இல்ல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார், என்னிடமிருந்து எதையோ தான் எடுத்துக்கொண்டதைப் போல. "அச்சுப்பிழை மாதிரியா அக்கா?" என்று கேட்டேன். "அச்சுப்பிழைன்னா சரியான வார்த்தை எதுன்னு ஒனக்குத் தெரியும்டா. எனக்கு அது தெரியலயே" என்றார். வருடம் தவறாமல் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வதாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

பிறகு பிரின்சியின் சம்மதத்தோடு தேவதானப்பட்டிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், "ஒங்க வீட்ல யாரு ரத்தத்தையும் இன்னும் படிச்சுப் பாக்கலம்மா. பாத்தா, அர்த்தம் தெரியாத எழுத்து இங்கயும் நாலு இருக்கும்" என்றார். அந்த அம்மா மகன் பக்கம் திரும்பினார். மகன், "எனக்குப் பிரின்சியத்தான் பிடிச்சிருக்கு" என்றான். அவர் காப்பி போட உள்ளே போனார்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஜெயிச்சிட்டீக அக்கா" என்றேன். "எங்கடா ஜெயிச்சேன்? நம்மளோட சேத்து அவுகளையும் குழப்பிவிட்டு வந்திருக்கேன்" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணி அக்காவைப் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஆனால் பேசவில்லை.

இப்போது இந்தச் சாவு. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். உடம்பை அறுக்கக் கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். லூர்து அண்ணிதான், "அவ இருந்தா பாக்கத்தான் சொல்லுவா. பாக்கட்டும்" என்றார். பார்த்தார்கள். மூளையிலும் இதயத்திலும் கண்ணுக்குத் தெரிகிற அடியோ கோளாறோ எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. மாற்றம் இருக்கிற நான் இருக்கிறேன். இல்லாத அக்கா போய்விட்டார். அப்படியானால் அந்த எழுத்துக்கும் எங்கள் வீட்டுச் சாவுகளுக்கும் சம்பந்தமே இல்லையா? ரத்தம் பிடித்த குப்பிகள் ஏதும் மாறிப்போயினவா? அக்காவுக்கு வந்தது வேறு ஏதோ ஒன்றா? இப்படிக் கேள்வி வந்தால் நான் போன் போடுவது அக்காவுக்குத்தான். அடக்கத்தன்று காலையில்கூடக் கை தானாகப் போனை எடுத்தது.

அடக்கத்துக்கு முரளி வந்திருந்தார். மண் போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். இயந்திரம் இப்போது முன்பைவிட அதிகமாக வாசிக்கிறது. குடும்பத்தார் சம்மதித்தால் எல்லோருடைய ரத்தத்தையும் புதிதாகப் படித்துப் பார்க்கலாம். அப்போதும் பதில் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

லூர்து அண்ணி சேலை முந்தானையை ஒதுக்கிவிட்டு வலது கையை நீட்டினார். விரலிடுக்கில் இன்னும் கல்லறை மண் ஒட்டியிருந்தது. "மொதல்ல என்னோடத எடுத்துக்கிருங்க தம்பி" என்றார்.

அண்ணி இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். எங்கள் ரத்தம் அவர் உடம்பில் இல்லை. அக்கா அவரிடம் ரத்தம் கேட்டதே இல்லை. முரளி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையை மெதுவாகப் பற்றிக்கொண்டு, "எடுத்துக்கறேம்மா. ரொம்ப உதவியா இருக்கும்" என்றார். அது உண்மைதானா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

போய் வாருங்கள், அக்கா.