நடுவில் எண்பது பக்கம்

எங்கள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவருக்கு, இந்த வருஷம் புது ஆசை ஒன்று வந்தது: வாரத்துக்கு ஒன்று வீதம் ஐம்பத்திரண்டு புத்தகம். ஜனவரி முதல் தேதியே நீல நோட்டில் கோடு போட்டுவிட்டார். புத்தகத்தின் பெயர், ஆரம்பித்த தேதி, முடித்த தேதி, பத்துக்கு எத்தனை மார்க். காலை பஸ்ஸில் நாவல், சாயங்கால பஸ்ஸில் கட்டுரை நூல், வீட்டுக்கு வந்தால் எது மிச்சமோ அது. என்னோடு பேசுவதற்கு அந்த நோட்டில் இடம் இல்லை.

ஸ்பேனர் பையில் தடிப் புத்தகம் நுழையவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவள். பாவம் பார்த்தேன், அதுதான் நான் செய்த தப்பு. பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கி வருவதை முதுகோடு அறுத்து, எண்பது எண்பது பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகித அட்டை ஒட்டி, மேலே பென்சிலால் ஒன்று, இரண்டு என்று போட்டுக் கொடுப்பேன். படித்து முடித்ததும் பழையபடி தைத்துவிடுவேன். வருஷம் பூராவும் இதே பிழைப்பு.

அக்டோபரில் ஒரு நாவலும், கறையானைப் பற்றிய ஒரு புத்தகமும் ஜோடியாக வந்தன. ஒரே பதிப்பகம், ஒரே அளவு, ஒரே எழுத்து. அறுக்கும்போது கத்தி நழுவி ஆள்காட்டி விரலில் இறங்கியது. நாலு தையல். கட்டுப் போட்ட கையோடு அவசரமாக அட்டை ஒட்டியதில் இரண்டின் மூன்றாம் பாகமும் இடம் மாறிப்போனது. பக்க எண் நூற்று அறுபதுக்கு அப்புறம் நூற்று அறுபத்தொன்று என்று ஒழுங்காகத்தான் ஓடியது. அந்தக் கையோடு மூன்று வாரம் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். ஒரு நாள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "அந்தக் கவர் சத்தம் இல்லாம தேய்க்க முடியாதா?" என்றார்.

மறுபடி தைக்கப் பிரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய் நோட்டைப் பார்த்தால், நாவலுக்குப் பத்துக்குப் பத்து! கறையானுக்கு மூன்று. 'நடுவில் தேவையில்லாமல் ஏதோ குடும்பப் புலம்பல்' என்று பக்கத்திலேயே குறிப்பு வேறு.

அதோடு விட்டாரா? வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் 'இந்த ஆண்டின் சிறந்த நாவல்' என்று அதைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்று ஓரமாக உட்கார வைத்தவர்கள் முன்னால் முதல் தடவையாக மேடை ஏறப் போகிறார். மானம் போய்விடுமே என்று பதறினேன்.

"ஏங்க, அந்த நாவல்ல ஒரு விஷயம்..."

"படிக்காம பேசாத" என்றார்.

சுருக்கென்றது. சரி, படித்துத்தான் பார்ப்போம் என்று அந்த எண்பது பக்கத்தை அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். புருஷனை விட்டுவிட்டு ரயில் ஏறியவள், வழியெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள். ஒன்பது நாள் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் கேட்டது ஒன்றே ஒன்று, தன் கண்ணாடி எங்கே என்று. பசை ஒட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எரிச்சல் அடங்கவே இல்லை. எடுத்துச் சொல்ல இருந்த வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். "அவ ரயில் ஏறினதும் எழுத்தாளர் அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலீங்க. எண்பது பக்கம் கறையான்! வெளியில வீடு நிக்குது, உள்ள எல்லாம் அரிச்சுப் போச்சு. இதைவிட துக்கத்தை எப்படிச் சொல்றது?" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். யாராவது எழுந்து கேட்பார்கள் என்று பார்த்தால், வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், கண்ணை மூடித் தலையாட்டினார். "அந்தக் கறையான் பகுதியை நான் ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். மருந்துக் கடைக்காரம்மா தனக்கும் அந்த இடத்தில்தான் கண் கலங்கியது என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை காபியோடு சரியான மூன்றாம் பாகத்தையும் மேஜையில் வைத்தேன். பாகம் மாறிப்போனதைச் சொன்னேன். நின்றபடியே படிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்துவிட்டார். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசிப் பக்கம் வந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

"அடக் கடவுளே, இதுக்கா நான் மூணு மார்க் போட்டேன்? எப்படிப்பட்ட புருஷன் அவன்! ச்சே." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆமா, எப்படி மாறிச்சு?"

"அன்னைக்கு என் கையில வெட்டுப்பட்டுது. நாலு தையல்" என்று விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"என்னைக்கு?"

"நீங்க நாற்பத்தொண்ணாவது புத்தகம் ஆரம்பிச்சீங்களே, அன்னைக்கு."

என் விரல் நீட்டியபடியே இருந்தது. அவர் நோட்டை இழுத்து, பக்கத்தைப் புரட்டி, தேதியைக் கண்டுபிடித்தார்.

"அக்டோபர் எட்டு" என்றார்.