ஒரு கீப்பர், இரண்டு பேர்

போன செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து பள்ளிக்கூடக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தார். கையில் நம்ம பேப்பர். நான் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி நான்காக மடித்தது.

"நீங்கதானே நானா இந்த லிஸ்ட் போட்டது?"

ஆமாம் என்றேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் 'நானா', அண்ணன் மாதிரி. பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

லிஸ்ட் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்காமல் வடை சுற்றியவர்களும் இருப்பீர்கள் அல்லவா?

அமெரிக்காவில் அந்தக் காலத்துக் கல்லூரிக் கால்பந்து பற்றி போனில் படித்துக்கொண்டிருந்தேன். பேர்தான் கால்பந்து... பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நம்ம இரத்தினபுரிப் பிள்ளைகள் ஆடும் ரக்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். சீசன் முடிந்ததும் 'நாட்டிலேயே சிறந்த பதினொரு பேர்' என்று ஒரு லிஸ்ட் வரும். போடுகிறவர்கள் கிழக்குப் பக்கத்து ஆட்கள். அதனால் அந்தப் பதினொரு பேரும் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்துக் கல்லூரிகளிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே ஆடுகிறவரை யார் ரயிலேறிப் போய்ப் பார்ப்பது?

தெற்கத்திப் பத்திரிகைக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. எங்கள் பகுதிக்கு நாங்களே லிஸ்ட் போட்டுக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். மேற்கேயும் அப்படித்தான். ஆளுக்கொரு லிஸ்ட். ஒரு பேப்பரில் முதல் டீமில் நிற்பவர் இன்னொரு பேப்பரில் இருக்கவே மாட்டார். எல்லா ஆட்டத்தையும் பார்த்துவிட்டா போட்டார்கள்? கோச் சொன்னது, வேறு பேப்பரில் வந்தது, காதில் விழுந்தது — இவ்வளவுதான் கையிருப்பு. இடம் கிடைக்காதவர்களுக்குக் கடைசியில் சின்ன எழுத்தில் ஓர் ஆறுதல் வரி: இவர்களும் நன்றாக ஆடினார்கள்.

படித்ததும் நம்ம கதை போலவே இருந்தது. கொழும்பில் போய் 'தோட்டம்' என்று சொல்லிப் பாருங்கள்... தேயிலை மலை என்று நினைத்து, நுவரெலியாவில் குளிர் எப்படி என்று கேட்பார்கள். இங்கே கேகாலையிலும் கஹவத்தையிலும் ரப்பருக்கு நடுவே ஆட்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நம்ம மாகாணத்துக்கு நாமே போடுவோம் என்று துணிந்துவிட்டேன். 'சப்ரகமுவத் தோட்டங்களின் சிறந்த பதினொரு பேர்.'

லிஸ்டைப் பார்த்த இரத்தினபுரி டவுன் டீம் ஒன்று, அந்தப் பதினொரு பேரும் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆடுவோம் என்றது. நல்ல ஆள் யாராவது தேறினால் தங்கள் டீமுக்கே எடுத்துக்கொள்ளும் யோசனையும் அவர்களுக்கு உண்டு.

சரி, அந்தப் பெண். பெயர் கமலா. ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. என் கடை இருக்கும் கஹவத்தைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டிய தோட்டம். பேப்பரை மேசையில் விரித்தார். என் ஆறுதல் வரியில் இரண்டு பேர் இருந்தார்கள். பிரையர்டன் தோட்டத்துச் சந்திரமோகன், மூங்கில்காட்டுத் தோட்டத்து ராசு. இருவரும் கீப்பர்கள். முதல் பேரில் விரலை வைத்தார்.

"இது எங்க வீட்டுக்காரருங்க."

அடுத்த பேருக்கு விரலை நகர்த்தினார்.

"இதுவும் அவருதாங்க."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டு பேருதாங்க நானா. ஆனா ஆளு ஒண்ணு."

நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். எனக்கு விவரம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, நடுவர் ஒருவர் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தது. அதில் அடையாள அட்டைப் பேரும் தோட்டத்தின் ஆபீஸ் பேரும் இருக்கும். மற்றது, தோட்டத்து ஆட்கள் வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பியது. அதில் வீட்டுப் பேரும், தோட்டத்துக்கு நம்ம ஆட்கள் வைத்த பேரும் இருக்கும். இரண்டிலும் இருந்தவை வேறு வேறு ஆட்டங்கள். கீப்பருக்கு நான் வைத்த விதி, குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். சந்திரமோகனுக்கு மூன்று. ராசுவுக்கு மூன்று. இருவரையும் தள்ளிவிட்டு, கித்துல்கலப் பக்கத்துத் தோட்டத்து சுனிலைப் போட்டேன்.

நம்ம பக்கத்துத் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் உண்டு, ஆட்களுக்கும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? கடையில் தினமும் கேட்பதுதானே? ஆனால் பேனாவைப் பிடித்ததும் மறந்துபோகிறது. ஓர் ஆளை இரண்டாக எண்ணினால் அவர் இரண்டு மடங்காவார் என்றுதானே நினைப்போம்? பாதியாகிப்போனார்.

சுனிலை எடுத்துவிட்டு இவரைப் போடச் சொல்கிறாரோ என்று பயந்தேன். அதை அவரே மறுத்தார்.

"அந்தத் தம்பிய எடுத்துறாதீங்க. அவங்க வீட்டுலயும் சொல்லிருப்பாங்கல்ல. ஆனா இவருக்கு வயசு முப்பத்திரெண்டுங்க. அடுத்த வருசம் யாரு கூப்பிடப் போறா?"

வீட்டுக்காரரே கேட்க வராததற்குக் காரணம் கேட்டேன். அவருக்கு வெட்கமாம். லயத்து வரிசை வீடுகளில் போகிற வருகிறவர்கள், எந்த ஆள் வேலைக்குப் போகிறார், எந்த ஆள் வீட்டில் இருக்கிறார் என்று கமலாவைக் கேலி செய்கிறார்களாம்.

டீமைக் கூட்டிப்போகும் பொறுப்பு ஒரு தோட்டத்துக் கிளாக்கருக்கு. அவரைப் போனில் கூப்பிட்டேன். பேப்பரில் வந்த பதினொரு பேர்தான் என்று டவுன் டீமிடம் சொல்லியாயிற்று, சுனில் ஒத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றார். சுனிலுக்கு எடுத்தேன். பேரைச் சொன்னேன், தெரியாது என்றார். அடுத்த பேரையும் சொன்னேன். அதுவும் தெரியாது. கமலா பக்கத்தில் நின்று, கை நீளமா இருக்கும்னு சொல்லுங்க என்றார்.

"ஆ... நம்ம கொக்கா!" என்றார் சுனில்.

சிங்களத்தில் கொக்கா என்றால் கொக்கு. ஆக மூன்றாவது பேர். நல்லவேளை, அந்தப் பேரில் எனக்கு யாரும் குறிப்பு அனுப்பவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சுனிலே வழி சொன்னார்.

"அவர் இருக்கிறப்ப நான் முழு மேட்ச் நின்னா சரியில்ல நானா. பாதி நான், பாதி அவர்."

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். முதல் பாதியில் சுனில் ஒரு கோல் விட்டார். இடைவேளைக்குப் பிறகு கமலாவின் வீட்டுக்காரர் இறங்கினார். நெடிய மனிதர், தலையைக் குனிந்துகொண்டு கோல் கம்பத்தை நோக்கி நடந்தார். கையில் கிளவுஸ் இல்லை. பெஞ்சிலேயே விட்டுவிட்டார்.

கிளாக்கர் "சந்திரமோகன்" என்று கத்தினார். தோட்டத்துச் சனம் "ராசு... ராசு" என்றது. சுனில் தன் பங்குக்கு "கொக்கா" என்றார். மனிதர் திரும்பவில்லை. பதற்றத்தில் எந்தப் பேரும் காதில் ஏறவில்லை.

கமலா கிளவுஸை எடுத்துக்கொண்டு கோட்டருகே வந்தார். பெரிதாகச் சத்தம்கூடப் போடவில்லை.

"ஏங்க."

திரும்பினார். வந்து வாங்கி மாட்டிக்கொண்டார். அந்தப் பாதியில் கோல் விழவில்லை. நம்ம ஆட்களும் அடிக்கவில்லை, ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றோம். டவுன் டீம் கோச் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தோடு அவரிடம் போய்ப் பேரைக் கேட்டார். இவர் தன் அடையாள அட்டையையே எடுத்து நீட்டினார். மூன்று பேரில் எது என்று சொல்வது?

எனவே, போன வார லிஸ்டுக்கு ஒரு திருத்தம்: சந்திரமோகனும் ராசுவும் ஒரே ஆள். ஆறு ஆட்டம் ஆடியவர். சிறந்த கீப்பர்கள் இருவர் — அவரும் சுனிலும். நம்ம டீமில் பன்னிரண்டு பேர் என்றே இருக்கட்டும்.

அவருடைய சரியான பேர் எது என்று இன்னும் கேட்பவர்கள் கமலாவைக் கேளுங்கள்... அவர் எதையும் சொல்ல மாட்டார்.