துடக்கு வீட்டில் ஓடிய ஆட்டம்

எங்கள் வீட்டில் ஆள் செத்தால் அடுத்ததாகச் சாவது தொலைக்காட்சி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கு, சாவுத் தீட்டு. அதுவரை தொலைக்காட்சிக்கு மேலே ஒரு பழஞ்சேலை கிடக்கும். மாமியின் பிரேதம் ஆசுபத்திரியிலிருந்து வந்து சேருமுன்பே மச்சாள் அதை மூடிவிட்டார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, மாமியின் மூத்த மகள். கோப்பாயில் துடக்குக் கணக்கில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

மாமியும் நானும் கிரிக்கெட் பைத்தியங்கள். நான் வேலைக்குப் போய்வருகிறவள். ஆட்டம் எனக்காகக் காத்திருக்காது. அதனால்தான் ஆட்டத்தைப் பதிவுசெய்யும் பெட்டி ஒன்றை வாங்கினேன். "பொம்பிளையளுக்கு உது என்னத்துக்கு?" என்று இவர் கேட்டார். நான் பதிலும் கொடுக்கவில்லை, ரிமோட்டையும் கொடுக்கவில்லை. பகலில் பதிந்ததைப் பின்னேரம் மாமியும் நானும் தேத்தண்ணியோடு இருந்து பார்ப்போம். முடிவைச் சொல்ல வாய் திறந்த பால்காரனை மாமி வாசல் படலையோடேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இறுதி ஆட்டம் நடந்த அன்று மாமி ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

"பதிஞ்சு வை பிள்ளை. நான் வந்து பாக்கிறன். ஆர் வெண்டதெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லக்கூடாது."

ஓம் என்றேன், பதிந்தும் வைத்தேன். மறுநாள் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? செத்தவீட்டுப் பந்தலில் ஆண்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். மாமி இல்லாமல் எனக்கு மட்டும் எதற்கு அந்த முடிவு?

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று, தொலைக்காட்சி இருந்த நடு அறையிலேயே மாமிக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். நண்டுக்கறி, ஒடியல் கூழ், வெற்றிலை, ஒரு துண்டுப் புகையிலை. செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்பது வழக்கம்; அதன்பிறகுதான் எங்களுக்குச் சோறு. சாத்தப்போகும் நேரத்தில் நான் பழஞ்சேலையை உருவி எறிந்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன்.

"நீர் என்ன செய்யிறீர்? துடக்கு வீடெல்லோ?" என்றார் மச்சாள்.

"அவவுக்கு விருப்பமானது ஒண்டும் குறையக்கூடாதெண்டு நீங்கள்தானே மச்சாள் சொன்னனீங்கள். நண்டைவிட அவவுக்கு உதுதான் விருப்பம்."

துடக்குச் சட்டமெல்லாம் தெரிந்த மச்சாளிடம் இதற்குச் சட்டம் இருக்கவில்லை. பதிவை முதல் பந்திலிருந்து ஓடவிட்டுக் கதவைச் சாத்தினேன். சனம் ஆளை ஆள் பார்த்தது. எனக்கென்ன, பார்க்கட்டும்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். உள்ளே வர்ணனையாளர் கத்திக்கொண்டிருந்தார். வெளியே பசி வந்துவிட்டது.

"பாத்தது காணும், கதவைத் திறவும். சோறு ஆறுது," என்றார் இவர்.

கதவுக்குக் குறுக்கே நிலத்தில் இருந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது, விம்மி விம்மி. துடைக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை.

"அவ ஒரு நாளும் ஆட்டத்திலை பாதியிலை எழும்பினவ இல்லை. பாத்து முடிக்கட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் சோறில்லை."