கப்பல் சித்தப்பாவின் கையெழுத்து

தம்பி மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய கையேட்டை பிரிண்ட் எடுத்து, போர்ட் பிளேரின் டெலானிபூரில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "அத்தை, நம்ம வீட்ல முதல்ல வெளிய போய்ப் படிச்சது நீங்கதான். எதுனா விட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லுங்க." நாற்பது பக்கம் இருக்கும். எந்த மாதிரி பிளக் வேண்டும், எந்தெந்தத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, முதல் வாரம் அழுகை வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்பது வரை போட்டிருக்கிறார்கள். அழுகைக்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு யார் கொடுத்தார்கள்?

நான் பள்ளிக்கூடம் முடித்தபோது, அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேரில் கல்லூரி கிடையாது. மேலே படிக்க வேண்டும் என்றால் மெயின்லேண்ட்தான். மெட்ராஸோ கல்கத்தாவோ, எல்லாமே எங்களுக்கு மெயின்லேண்ட், அதாவது வெளிநாடு. கையேடு என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தி கலந்து பேசும் அம்மாவின் வாய். "தேக்கோ, கப்பல்ல எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே படு. உல்டி வந்தா வெக்கப்படாதே, எல்லாருக்கும் வரும். பெட்டி மேலயே உக்காரு." அம்மா தீவிலேயே பிறந்தவள். மெட்ராஸைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அங்கே என்னென்ன கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். நல்ல கருவாடு கிடைக்காது என்று துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். சைவச் சாப்பாடு போடும் பெண்கள் ஹாஸ்டலில் அந்தப் பெட்டியைத் திறந்த முதல் நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

எலுமிச்சம்பழம் நறுக்கும்போதெல்லாம் எனக்குக் கப்பலின் பங்க் கிளாஸ்தான் ஞாபகம் வரும். டீசல் நாற்றம், வாந்தி நாற்றம், அதற்கு நடுவே எலுமிச்சை. நாலு நாள் அடுக்குப் படுக்கையில் மேலும் கீழுமாகக் கிடப்போம். மேல்படுக்கைக்காரர் வாந்தி எடுத்தால் கீழ்ப்படுக்கைக்காரர் தலையைப் பிடித்துவிட வேண்டும். அப்படிப் பிடித்தவரை அப்புறம் எப்படி அந்நியர் என்று சொல்வது? தீவில் அதற்கு ஓர் உறவுப் பெயரே இருந்தது, கப்பல்காரர். "இவரு எங்க கப்பல்காரரு" என்றால் ஒரே கப்பலில் வந்தவர் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முதல் அழைப்பு அவருக்குத்தான், இழவுக்கு முதல் தோளும் அவருடையதுதான்.

அப்பா இந்த உறவில் கொஞ்சம் பைத்தியம். ஹேடோ துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. கப்பல் நாளில், தங்க இடமில்லாமல் முழிக்கிறவர்கள் ரெண்டு பேரையாவது குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்துவிடுவார். அம்மா சொந்தக்காரர்களை இந்தியில்தான் சொல்வாள், திட்டும்போதும். "இன்னைக்கு எத்தனை ரிஷ்தேதார் இறங்கியிருக்காங்க?" என்று உலையில் இன்னொரு படி அரிசி போடுவாள்.

அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் வந்ததற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவருக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன், பெரம்பூரில் ரயில்வே வேலை. அம்மாவின் தாத்தா அந்தக் காலத்தில் கைதியாகத் தீவுக்கு வந்தவர். "கைதி வீட்டுல பொண்ணு எடுத்தா என் வாசப்படி மிதிக்காத" என்று அந்த அண்ணன் எழுதினார். அப்பா மிதிக்கவில்லை. நான் பிறந்த தகவலைக்கூட எழுதவில்லை.

கல்லூரியிலிருந்து ஹாஸ்டல் விண்ணப்பம் வந்தது. அதில் 'லோக்கல் கார்டியன்' என்று ஒரு கட்டம். லீவு நாட்களில் ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள், அப்போது பெண்ணைப் பொறுப்பேற்று வைத்துக்கொள்ள மெட்ராஸில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஹாஸ்டல் இல்லை. ஹாஸ்டல் இல்லையென்றால் எனக்குப் படிப்பும் இல்லை. அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தன் கப்பல்காரர் சண்முகத்தின் பெயரை எழுதிவிட்டார். சண்முகம் அப்பாவோடு ஒரே கப்பலில் வந்து, சில வருஷம் ஹேடோவில் இருந்து, அம்மா கையால் தினமும் சாப்பிட்டு, பிறகு மெட்ராஸ் திரும்பி மண்ணடியில் கயிறு, தார்ப்பாய்க் கடை வைத்தவர். எனக்கு அவர் சித்தப்பா. அவர் தோளில் ஏறிக் கப்பல் பார்த்த ஞாபகம் லேசாக உண்டு. சம்மதம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு "சரி" என்று ஒரு கார்டு வந்தது.

ஹாஸ்டலில் நான் வாயைத் திறந்தால் 'அச்சா'தான் முதலில் வரும். மெட்ராஸில் இந்திக்கு அப்போது நேரம் சரியில்லை. அறைப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை, என்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். "உங்க ஊர்ல காட்டுவாசிங்கதானே?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், நான்தான் தலைவி என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பொங்கல் லீவு வந்தது. பெட்டியோடு மண்ணடிக்குப் போனேன். சண்முகம் என்னைக் கடை பெஞ்சில் உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தார். அப்பாவை விசாரித்தார், அம்மா வைக்கும் மீன்குழம்பைக்கூட ஞாபகம் வைத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்ல கல்யாண வயசுப் பசங்க ரெண்டு பேரு இருக்காங்கம்மா. யாரு, எந்த வீட்டுப் பொண்ணுன்னு எங்க வீட்டுல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? தப்பா எடுத்துக்காத. கையெழுத்து வேணா எத்தனை வேணும்னாலும் போடறேன்." லீவுத் தாளில் போட்டும் கொடுத்தார். அழகான கையெழுத்து, தப்பு சொல்ல முடியாது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. வார்டன் ஊருக்குப் போய்விட்டாள். காவலுக்கு இருந்த ஆயா காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பூட்டிய ஹாஸ்டலில் ஒன்பது நாள் இருந்தேன். வார்டனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பெயரை அடித்துவிடுவாள். பன்னும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. பொங்கலன்று அக்கம்பக்கத்தில் கூத்தும் கும்மாளமுமாக இருந்தது, நான் மெத்தை சுருட்டிய கட்டில்கள் இருபதுக்கு நடுவில் படுத்திருந்தேன். சாயங்காலம் மெரினாவுக்கு நடந்து போய் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் கப்பல்களில் எங்கள் கப்பல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்திருந்தால் ஏறிப் போயிருப்பேன். அவ்வளவு தனியாக அதற்கு முன்னும் பின்னும் நான் இருந்ததில்லை.

ஆனால் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சித்தப்பா வீட்டில் பொங்கல் நன்றாகக் கழிந்தது என்று எழுதினேன். வேறு என்ன எழுத? அந்தக் கடிதத்தை அப்பா ஹேடோ முழுக்கப் படித்துக் காட்டினாராம்.

விளைவு என்ன ஆயிற்று என்றால், கோடை விடுமுறை முடிந்து நான் திரும்பும்போது அப்பாவும் என்னோடு கப்பல் ஏறிவிட்டார், சண்முகத்துக்கு நேரில் நன்றி சொல்ல. ஒரு கூடை தேங்காய், எங்கள் தீவின் படாக் மரத்தில் கடைந்த கைத்தடி. நாலு நாள் கப்பலிலும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும். என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் தனியாக மண்ணடிக்குப் போனார்.

சாயங்காலம் பார்வையாளர் அறைக்கு வந்தார். "சண்முகம் அசல் ராஜா மாதிரி இருக்கான் ஏட்டி. உன்னைப் பத்திதான் ஒரே பேச்சு. வயிறு முட்டச் சாப்பாடு." நான் வாங்கிவந்த நாலு இட்லியை நிமிராமல் சாப்பிட்டார், தட்டை வழித்தார், தண்ணீர் கேட்டார். செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தேன். கை கழுவி வந்து, "இந்த வருசத்து ஃபாரம் வச்சிருக்கியா? கொடு, நாளைக்குத் தாரேன்" என்றார்.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். கார்டியன் கட்டத்தில் வேறு பெயர், வேறு கையெழுத்து, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் விலாசம். நான் நிமிர்ந்து பார்த்தேன். "மாத்தியாச்சு" என்றார், அவ்வளவுதான். அன்று மாலையே கப்பல்.

தசரா லீவுக்குப் பெரியப்பாவே வந்து என்னை அழைத்துப் போனார். அதிகம் பேசாத மனுஷர். பெரம்பூர் பஸ்ஸில் பாதி தூரம் போனதும் அவராகவே சொன்னார். "பதினெட்டு வருசம் கழிச்சு வந்தான் உங்கப்பன். உள்ள வால, உக்காருலன்னேன். வரலை. உச்சி வெயிலு, தெருவுலயே நின்னான். 'உன் வாசப்படிய நான் மிதிக்கல. எம்புள்ள மட்டும் மிதிக்கட்டும்'னான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படிப்பு முடியும்வரை ஒவ்வொரு லீவுக்கும் அந்த வாசப்படியை மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பாவை மிதிப்பது போலத்தான் இருந்தது.

அப்பா கடைசி வரை இதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் பிற்பாடு சொன்னாள். அந்தத் தடவை கப்பல் விட்டு இறங்கி வந்தவரிடம் வழக்கம்போல, "கூட யார் யார் வந்தாங்க?" என்று கேட்டாளாம். "யாரோ வந்தாங்க, பேரு கேக்கல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம். நாலு நாள் ஒரே கப்பலில் வந்தும் ஒருவர் பெயர்கூடத் தெரியாமல் இறங்கிய ஆள் அன்றைக்கு ஹேடோவிலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். இப்போது விமானத்தில் ரெண்டே மணி நேரம். இறங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.