துவைகல் பக்கத்து மஞ்சள் வட்டம்

நான் இதுவரை என் கையால் பரிசு கொடுத்தது ஒரே ஒரு குப்பைத்தொட்டிக்குத்தான்.

இரண்டு மாதம் முன்பு, நெய்யாற்றின்கரையில் ஒரு போட்டி. நகரத்தின் பிரச்சினைகளுக்குப் பள்ளி மாணவர்கள் கண்டுபிடிப்புகளோடு வந்து தீர்வு சொல்ல வேண்டும். ஜெயிக்கிற திட்டத்தை நகராட்சி அதிகாரிகளே ஏற்று நடத்துவார்கள். பரிசு வழங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தி எழுதுகிறவளுக்கும் கண்டுபிடிப்புக்கும் என்ன சம்பந்தம்? வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார் – அதுதான் சம்பந்தம்.

முதல் பரிசு, பேசும் குப்பைத்தொட்டிக்கு. குப்பை போட்டால் ‘நன்னி’ என்று மலையாளத்தில் நன்றி சொல்லுமாம். மேடையில் ஒரு வாழைப்பழத் தோலைப் போட்டேன். சத்தமே இல்லை. செய்த மாணவன் ஓடிவந்து தொட்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். ‘நன்னி, நன்னி, நன்னி’ என்று நிற்காமல் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

நானும் சிரித்தேன். ஆனால் மனசு, பரிசு கிடைக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் இருந்தது.

அவள் பெயர் அனகா. பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் பாறசாலைப் பக்கம், எல்லையை ஒட்டிய கிராமம். அவள் கொண்டுவந்தது என்னவென்று சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர் வில்லங்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடுகள் கேரளத்தில். செல்போன்கள் மட்டும் இஷ்டப்பட்ட மாநிலத்தில்! என் வீட்டு முற்றத்தில் நின்றால் போன் களியக்காவிளைப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும், அதாவது தமிழ்நாடு. கிணற்றடிக்குப் போனால் கேரளம். சாதாரணப் பேச்சுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதுதான் வினை. எந்த மாநிலத்து டவரோ, அந்த மாநிலத்து கன்ட்ரோல் ரூமுக்குத்தான் அழைப்பு போகும். எந்த மாவட்டம் என்று கேட்பார்கள். திருவனந்தபுரம் என்றால், ‘அது கேரளாங்க, அங்க கூப்பிடுங்க’ என்பார்கள். எப்படிக் கூப்பிடுவது? அதே 108, அதே போன், அதே முற்றம்...

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ‘பின்னால போய் விளிச்சுப் பாரு’ என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். பின்னால் என்றால் எங்கே? அது வீட்டுக்கு வீடு மாறும் என்று யாராவது யோசித்தோமா? அனகா யோசித்தாள். அவள் அப்பா எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். ‘விளிச்சா நாங்க ஒடனே போயிருவோம் மக்கா, விளி எங்களுக்கு வந்து சேரணும்லா’ என்று அவர் வீட்டில் புலம்பியதில் பிறந்த திட்டம் அது.

அவளும் இரண்டு தோழிகளும் லீவு நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். எந்த இடத்தில் கேரள டவர் நழுவாமல் நிற்கிறதோ, அங்கே தரையில் ஒரு மஞ்சள் வட்டம். நடுவில் வீட்டு நம்பர். ஆபத்தென்றால் வட்டத்துக்குள் நின்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

நடுவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘மோளே, இதில் இன்னொவேஷன் எவிடெ?’ என்றார் ஒருவர். சென்சார் இல்லை, ஆப் இல்லை, லைட் எரியவில்லை. தரையில் பெயின்ட் அடிப்பதற்குப் பெயின்டர் போதாதா என்று கேட்டார். இன்னொருவர் ரொம்ப அன்பாகவே சொன்னார் – போட்டி நகரத்துக்கானது, உங்கள் கிராமம் எங்கள் எல்லைக்குள் வராதே.

எல்லையால் வந்த கஷ்டத்தைச் சொல்ல வந்தவளை எல்லையைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது அவளிடம் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவள் அழவில்லை.

“கப்பு ஒண்ணும் வேண்டாம் மேடம். ‘இது ஆம்புலன்ஸுக்கு உள்ள அடையாளம் ஆக்கும், அழிக்கப்பிடாது’ன்னு ஆபீஸ்ல இருந்து ஒரு நோட்டீஸ் வந்தா போதும். அதுக்குத்தான் வந்தோம்.”

“நோட்டீஸ் இல்லாட்டி என்னம்மா? வட்டம் அங்கேதானே இருக்கப் போகுது?”

“ஆளுவ அழிச்சுப் போடுவாங்க மேடம்.”

யார் அழிப்பார்கள், எதற்கு அழிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே விளங்கியது.

என் பக்கத்து வீட்டு சுகுமாரன் அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகன் குவைத்தில். வீட்டில் அவரும் சரோஜம் அக்காவும்தான். பிள்ளைகள் வட்டம் போட வந்தபோது அண்ணன் கடையில் இருந்தார். அக்காதான் அவர்களுக்கு எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொடுத்து, எல்லாம் கேட்டுக்கொண்டாள். அவர்கள் வீட்டில் கிணற்றடியிலும் தமிழ்நாடுதான். கேரளம் கிடைத்தது துவைகல்லை ஒட்டி, இரண்டு ஆள் நிற்கிற அளவு இடத்தில். அங்கே வட்டம் போட்டார்கள்.

போட்டி முடிந்த வாரம் ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தால், அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“அண்ணா, அது ஸ்கூல் பிள்ளைங்க ஆம்புலன்ஸுக்காகப் போட்டது...”

“சரோஜமும் அதத்தான் சொன்னா. நீ எழுதுகவ, ஒனக்கு வெவரம் காணாது. மொதல்ல பிள்ளியள விட்டு வட்டம் போடுவாங்க. பெறவு ஆபீசருவ வருவாங்க. அதுக்குப் பெறவு ஜேசிபி. கவர்மென்ட்டு செய்யது நல்லதுன்னா ஒரு கடிதாசாவது தந்துருக்க மாட்டாங்களா?”

அவரைக் குறை சொல்ல முடியுமா? ரோட்டை அகலப்படுத்த வந்தபோதும் முதலில் வந்தது மஞ்சள் பெயின்ட்தான். சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு நம்பர். பிறகு கடையின் முன்பாதி போயிற்று. எங்கள் பக்கத்தில் மஞ்சள் பெயின்டைப் பார்த்தால் முதலில் நிலப் பத்திரத்தைத் தேடிப் பீரோவைத் திறப்பவர்கள்தான் அதிகம். அந்தத் தெருவில் இன்னும் பல வீடுகளில் வட்டம் காணாமல் போனது. அண்ணன் வீட்டில் மட்டும் சுத்தமாகப் போனது. கடையிலிருந்து நல்ல தின்னர் கொண்டுவந்திருந்தார்.

போன ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்த நேரம். பக்கத்து வீட்டிலிருந்து அண்ணன் யாரிடமோ கெஞ்சுகிற குரல் கேட்டது. ஓடினேன். அடுக்களை வாசலில் சரோஜம் அக்கா சரிந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை நெஞ்சில்.

அண்ணன் அவள் பக்கத்தில் இல்லை. துவைகல்லைச் சுற்றிக் குனிந்து நடந்துகொண்டிருந்தார். கையில் போன்.

“முற்றத்துல நின்னு விளிச்சேன். கேரளத்துக்கு விளிங்கன்னு சொல்லிட்டாங்க. கெணத்தடியிலயும் அதே ஆளுதான் எடுக்கான். இங்கினதான் இருந்துது... இங்கினதான் நான் தேச்சேன்...”

காலால் தரையைத் துழாவினார். ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம்.

நான் திரும்பி என் வீட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். பிள்ளைகள் எனக்குப் போட்டுக் கொடுத்த வட்டம் அங்கே அப்படியே இருந்தது. அதில் நின்று கூப்பிட்டேன். முதல் தடவையிலேயே கேரளம். ஆம்புலன்ஸும் சட்டென்று வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் அனகாவின் அப்பா.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அக்காவை இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

வராந்தாவில் அண்ணன் அந்த டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வர லேட் ஆயிருச்சா?”

“இல்லண்ணா. விளி வந்த ஒடனே எடுத்தேன்.”

அது உண்மை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த மூன்று நடுவர்களையும் அந்த வராந்தாவுக்குக் கூட்டி வந்து, இன்னொவேஷன் எங்கே என்று இப்போது கேளுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு நோட்டீஸ்... அந்தப் பெண் கேட்டது அவ்வளவுதானே?

சொல்ல மறந்துவிட்டேன். பரிசு வாங்கிய தொட்டியை பஸ் ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்கள். வாய் வரைக்கும் குப்பை. பேச்சு இல்லை.

நேற்று சஞ்சயனம் முடிந்தது. சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த அண்ணன், பந்தல் பிரிப்பதற்கு முன்பே அனகாவுக்கு ஆள் அனுப்பினார். அவள் அப்பாவோடு வந்தாள். கடையிலிருந்து ஒரு டின் மஞ்சள் பெயின்டும் புது பிரஷ்ஷும் எடுத்து வைத்திருந்தார். அவள் போனைப் பார்த்தபடி மெதுவாக நடந்து, துவைகல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் நின்றாள். அண்ணன் தேடிய இடத்திலிருந்து கை எட்டும் தூரம்.

“இங்கின தான் மாமா.”

“கொஞ்சம் பெரிசா போடு மக்கா” என்றார்.

பெரிதாகவே போட்டாள். வழியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அண்ணன் டின்னை மூடி வைத்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாவுக்கு வந்திருக்கும் மகன் அடுத்த வாரம் குவைத்துக்குத் திரும்புகிறான்.

அதன் பிறகு அந்த வட்டத்தில் ஓடிவந்து நின்று அண்ணனுக்காகக் கூப்பிட, அந்த வீட்டில் ஆள் இல்லை.