பெட்டியோடு வந்த டாக்டரம்மா

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் கல்வி உளவியல் படித்துக்கொண்டிருந்த என்னைப் பயிற்சிக்காகக் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். கையில் பிள்ளைகளின் அறிவைச் சோதிக்க வண்ணக் கட்டைகள் அடுக்கிய பெட்டி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். பாதி டாக்டர் ஆகிவிட்டதாகவே எனக்கு நினைப்பு!

முதல் நாளே தலைமையாசிரியை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் காட்டினார். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் முகத்தையே பார்ப்பாளாம். "மந்தம்னு நீங்க சொல்லிட்டா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

மறுநாள் காலை அவளுடைய அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார். பைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா வந்திருப்பதாகத் தெருவெல்லாம் பேச்சாம். "எம் பொண்ண மட்டும் தனியா கூப்டுக்கினு போவாதீங்கம்மா. நாளைக்கு எவன் வந்து கட்டிக்குவான்?" என்று அழுதார்.

தனியறையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது நான் படித்த பாடம். அந்தத் தாயின் அழுகையோ மனதை விட்டுப் போகவில்லை. சரி, வகுப்பு மொத்தத்தையுமே ஒவ்வொருத்தியாக அழைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் சீக்கிரமே, "எனக்கு எப்போ டீச்சர்?" என்று பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் முறையும் வந்தது. கட்டைகளை வைத்து, அடுக்கச் சொன்னேன். வாயும் அசையவில்லை, கையும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அடுத்து வர வேண்டிய வாயாடிப் பெண் ஒருத்தி, பொறுக்க மாட்டாமல் வாசலிலிருந்து தலையை நீட்டினாள்.

"நீங்க தல ஆட்டணும் டீச்சர்! வூட்ல தறியில அவங்கப்பா பக்கத்துல குந்திக்கினு இருப்பா. அவரு தல ஆட்னாத்தான் நாடா தள்ளுவா."

ஆட்டினேன். மளமளவென்று அடுக்கிவிட்டாள்! கேள்வி கேட்டுத் தலையசைத்தேன். மெல்லிய குரலில் பதில் வந்தது. சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவை அப்பா தலையாட்டுவதற்கு முன்பே தள்ளினால் நெசவு கெட்டுவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் பாவம், வகுப்புக்கும் கொண்டுவந்திருக்கிறாள். தலைமையாசிரியையை அழைத்து வந்தேன். அவரே கேட்டு, அவரே தலையசைத்து, பதிலும் வாங்கினார். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

நான் ஊர் திரும்பும் நாளில் அந்த அம்மா மறுபடி வந்தார்.

"எம் பொண்ணுக்கு இன்னாம்மா கொற?"

"ஒரு குறையும் இல்லம்மா" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்போ நீங்க எதுக்கும்மா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

"அதச் சொல்றதுக்குத்தாம்மா வந்தேன்."

யோசிக்காமல் வாயில் வந்த பதில் அது. பட்டமும் பதவியும் பிறகு வந்தன; என் வேலை என்ன என்பது மட்டும் அந்தப் பள்ளி வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.