காலித் தட்டில் இருநூறு கிராம்

ஒரகடத்துத் தராசுக் கம்பெனியில் ஜாஸ்மின் கையெழுத்துப் போடாமல் எந்தத் தராசும் கேட்டைத் தாண்டாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பெண். அப்பா யாக்கோபு ஏரியில் வலை போடுகிறவர். டிப்ளமோ முடித்த கையோடு டெஸ்டிங் மேசைக்கு வந்தவள், இரண்டே வருடத்தில் பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

1991 ஆடி மாதம், ஏரி மீனை மொத்தமாக எடுக்கும் ஏஜென்ட் ஒருவர் பத்துத் தராசு கேட்டிருந்தார். ஐந்து கிலோ வரை நிறுப்பது, முள் ஓடுவது. கரையில் கரண்ட் கிடையாது என்பதால் பாட்டரியில் ஓடவேண்டும். ஒன்பது தராசுக்கு அவள் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒன்பதிலும் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தால் முள் ஒரு கோடு குறைவாக நின்றது. கோடு ஒன்றுக்கு இருநூறு கிராம். ஒரு கோடு முன்னே பின்னே இருந்தால் பாஸ் என்பது கம்பெனிச் சட்டம்.

பத்தாவது தராசு அவசரத்தில் நேராக அவள் மேசைக்கே வந்துவிட்டது. காலித் தட்டிலேயே முள் இருநூறு காட்டியது.

"சூப்பர்வைசர் சார் இன்னும் முள்ளு ஸ்குரூவ திருகல. திருகினா ஜீரோ வந்துடும்," என்றாள் அசெம்ப்ளியில் இருந்த சரோஜா, சாதாரணமாக.

ஜாஸ்மின் தான் கையெழுத்துப் போட்டிருந்த ஒன்பது தராசையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பாட்டரியைக் கழற்றிவிட்டு மேசையில் இருந்த கரண்ட் சப்ளையைக் கொடுத்துப் பார்த்தாள். அதில் பிளஸ் பன்னிரண்டு வோல்ட்டும் உண்டு, மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டும் உண்டு. முள் தானாகவே ஜீரோவுக்கு இறங்கியது.

விஷயம் இதுதான். தட்டின் அடியிலிருந்து வரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்கி முள்ளை ஓட்டுவது ஐசி என்கிற ஒரு சின்னச் சில்லு. பிளஸ், மைனஸ் இரண்டும் இருந்தால் ஜீரோ நடுவில் நிற்கும், ஐசி தாராளமாக அதுவரை இறங்கும். ஒற்றைப் பாட்டரியில் ஜீரோ அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. கிணற்றின் கடைசித் தண்ணீரை வாளி அள்ளாது அல்லவா, அப்படி அந்த ஐசியும் அடிமட்டம் வரை இறங்காது. இறங்காத முள்ளைத்தான் சூப்பர்வைசர் நரசிம்மன் ஸ்குரூ திருகி இழுத்து வைத்திருந்தார். நிறுக்கிற ஒவ்வொரு தட்டிலும் இருநூறு கிராம் காணாமல் போகும். போவது அவள் அப்பாவின் மீன். போகவிட்டது அவள் கையெழுத்து.

"லாரி நின்னுகினு கீது, இன்னா பண்ணிகினு கீற?" என்று வந்தார் நரசிம்மன். வீட்டுக்கு வாங்கிவைத்திருந்த கால் கிலோ மிக்சர் பொட்டலம் கையில் இருந்தது.

"அத்த இங்க வைங்க சார்," என்று திருகி முடித்த தராசு ஒன்றைக் காட்டினாள்.

முள் லேசாக அசைந்து ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் முகம் சுருங்கியது. "கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"கடைக்காரன் இல்ல சார். நாம."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "மைனஸுக்கு இன்னொரு பாட்டரி வைக்க எடம் ஏதும்மா?" என்றார் குரலை இறக்கி. ஐசிக்குத் தேவைப்படும் மைனஸ் கரண்ட் கொசுறு அளவுதான். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடும் ஒன்பது வோல்ட் பாட்டரியே போதும் என்று செய்து காட்டினாள். பத்துத் தராசையும் பிரித்து, முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இனி எவரும் தொடாதபடி ஸ்குரூவின் தலையில் நெயில் பாலிஷ் வைத்து அடைத்தாள்.

லாரி இரண்டு நாள் தாமதமாகப் போனது. அந்தக் கோபத்தில் முதலாளி ஜாஸ்மினை டெஸ்டிங் மேசையிலிருந்து எடுத்து சால்டரிங்கில் போட்டார். ஈயப் புகையில் கண் எரிய எரிய அவள் கம்பிகளைப் பற்றவைத்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் யாக்கோபு ஏரியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"உங்க கம்பெனி மிஷினு ரிப்பேரும்மா. இன்னிக்கு காலித் தட்டுலயே இருநூறு காட்டுது. நூறு கிராம் கெளுத்தி வெச்சா அதுக்கும் இருநூறு! ஏஜென்ட் பதறிப்போயி, வண்டிய எடுத்துகினு படப்பைக்கு ஓடி சின்ன ரேடியோ பாட்டரி வாங்கியாந்து போட்டான்."

"ரிப்பேர் இல்லப்பா," என்றாள் ஜாஸ்மின். "சின்ன பாட்டரி தீந்தா நஷ்டம் அவனுக்குன்னு வெச்சாத்தான் வாங்க ஓடுவான்."